தாடிக்கும் நச்சுவாயு முகமூடிக்கும் நடுவே

பிரிட்டன் தரைப்படை 2024 மார்ச் இறுதியில் தன் வீரர்களைத் தாடி வளர்க்க அனுமதித்தது. முடி 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 25.5 மில்லிமீட்டரைத் தாண்டவும் கூடாது. நச்சுவாயு முகமூடி தேவைப்படும் சூழல் வந்தால் மழிக்கச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. இந்தியக் கடற்படையில் 1971 முதல் தாடிக்கு அனுமதி இருக்கிறது. இந்தியத் தரைப்படையில் சீக்கியர்கள் தாடியோடுதான் பணியாற்றுகிறார்கள். வீரர் தாடி வைக்கலாமா என்ற விவாதத்தில் ஒழுங்கு, தோற்றம், மதம் என்று பல வாதங்கள் வரும். அவற்றில் கருவி வைத்து அளந்து பார்க்கக்கூடியது, தாடி இருந்தால் நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டாது என்ற வாதம் ஒன்றுதான்.

முகம் முழுவதையும் மூடும் முகமூடியின் ஓரத்தில், உட்புறமாக மடிந்த ரப்பர் விளிம்பு ஒன்று ஓடுகிறது. நெற்றி, நெற்றிப்பொட்டு, கன்னம், தாடையின் அடிப்பக்கம் என்று இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான ஒரு பட்டையில் அது தோலைத் தொடுகிறது. வீரர் மூச்சை இழுக்கும்போது உள்ளே காற்றழுத்தம் சற்றுக் குறையும். அந்த உறிஞ்சல்தான் வெளிக்காற்றை வடிகட்டி வழியே கொண்டுவருகிறது. வடிகட்டியில் நுண்துகளைப் பிடிக்க மடித்து அடுக்கிய தாளும், வாயுவைப் பிடிக்க உலோக உப்புகள் ஏற்றிய கரியும் நெருக்கமாக நிரம்பியிருப்பதால் காற்று சிரமப்பட்டுத்தான் வர வேண்டும். விளிம்பில் ஒரு சந்து கிடைத்தால், அந்தச் சிரமம் இல்லாமல் அதன் வழியாகவே நுழைந்துவிடும்.

தாடிமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். மயிர் படுத்திருக்கும் இடத்தில் ரப்பர் அந்த அளவுக்கு மேலெழும்பி நிற்கும். அதன் இருபுறமும் நீளவாக்கில் நுண்ணிய கால்வாய்கள் உண்டாகும். மயிர்மேல் மயிர் குறுக்கே விழுந்தால் இடைவெளி இரட்டிப்பாகும். மெல்லிய பிளவு வழியே ஓடும் காற்றின் அளவு பிளவின் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது உயரம் இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு.

அடர்ந்த தாடியே வடிகட்டியாக வேலை செய்யாதா என்று பலர் கேட்கிறார்கள். செய்யாது. பாதுகாப்பு வடிகட்டிகளைச் சோதிக்கும் துகளின் அளவு 0.3 மைக்ரான், ஒரு மயிரின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மயிர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி அந்தத் துகளுக்கு அகலத் திறந்த வாசல். வாயு மூலக்கூறு அதைவிட எத்தனையோ சிறியது.

ஒரு சதவீதக் கசிவு அற்பமாகத் தோன்றலாம். ஓடும் வீரர் நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் 6 லிட்டர் வடிகட்டப்படாத காற்று நுரையீரலுக்குள் போயிருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவர் முகமூடியே இல்லாமல் ஒரு நிமிடம் மூச்சுவிட்டதற்கு இது ஏறக்குறையச் சமம். சாரின் போன்ற நரம்பு நஞ்சு அடர்ந்திருக்கும் இடத்தில் அந்த ஒரு நிமிடமே உயிரைக் குடிக்கும்.

நேற்றுச் சவரம் செய்த முகமும் போதாது. தாடி நாளொன்றுக்கு 0.4 மில்லிமீட்டர் அளவில் வளர்கிறது. குட்டையான முள்தாடி விறைப்பாக நின்று ரப்பரைத் தூக்கிப் பிடிக்கும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, வேலை நேரம் தொடங்குவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் சவரம் செய்யச் சொல்கிறது. ரப்பர் விளிம்புக்கு உள்ளே, வால்வில் படாமல் அடங்கும் மீசையால் தொல்லை இல்லை.

கசிவைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. வடிகட்டியின் வாயை உள்ளங்கையால் அடைத்து மெல்ல மூச்சை இழுத்து, பத்து விநாடி பிடித்துவைப்பது ஒன்று: முகமூடி முகத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். பெரிய ஓட்டைதான் இதில் சிக்கும், சிறியது தப்பிவிடும். இன்னொன்று துகள் எண்ணும் கருவி. வெளியே எத்தனை துகள், உள்ளே எத்தனை துகள் என்று எண்ணி வகுத்து ஓர் எண்ணைத் தரும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் முழுமுக முகமூடிக்கு அந்த எண் 500-ஐ எட்ட வேண்டும். தலையைத் திருப்பியும், குனிந்தும், உரக்கப் பேசியும் அளப்பார்கள். தாடை அசையும்போதுதான் விளிம்பு நழுவும்.

தாடித் தடைக்கு முதல் உலகப்போரின் வாயுத் தாக்குதல்தான் காரணம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. பிரிட்டனைப் பொறுத்தவரை அது சரியல்ல. பெல்ஜியத்தின் இப்ரஸ் நகர் அருகே 1915 ஏப்ரல் 22-இல் குளோரின் வாயு திறந்துவிடப்படுவதற்கு முன்பே, மோவாயை மழிக்க வேண்டும், மேலுதட்டை மழிக்கக் கூடாது என்று அந்நாட்டு ராணுவ விதி இருந்தது. 1916-இல் அவர்கள் கொண்டுவந்த பெட்டி முகமூடியோ மூக்கைக் கவ்வியால் அடைத்து, பல்லால் கடித்த குழாய் வழியே மூச்சுவிட வைத்தது. அதில் நுரையீரலைக் காப்பதற்குக் கன்னத்தின் ஒட்டுதல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இன்றைய முகமூடி அந்த ஒட்டுதலை மட்டுமே நம்பியிருக்கிறது.

தாடியை வைத்துக்கொண்டே சமாளிக்கும் வழிகளும் உண்டு. மின்விசிறி வைத்துக் காற்றை உள்ளே தள்ளும் தளர்வான தலைமூடியில் கசிவு வெளிநோக்கிப் போகும். ஆனால் அதற்கு நிமிடத்துக்கு 170 லிட்டராவது காற்று வேண்டும். மின்கலம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது. கொரோனா காலத்தில் சீக்கிய மருத்துவர்கள் தாடியைச் சுருட்டி, அதன்மேல் மீள்தன்மையுள்ள பட்டையை இறுக்கக் கட்டி, பட்டைமேல் முகக்கவசம் அணிந்தார்கள். மழிக்கவே முடியாதவருக்கு இது உண்மையான நம்பிக்கை தருகிறது. நச்சுவாயு முகமூடியில் இதை நம்புமுன் ஒவ்வொரு வீரரையும் துகள் கருவியில் தனித்தனியாக அளந்தாக வேண்டும். வாஸ்லின் பூசி இடைவெளியை அடைப்பது தற்காலிக வேலைதான். இயற்கை ரப்பரையும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரையும் பெட்ரோலிய எண்ணெய்கள் ஊறவைத்துக் கெடுக்கும்.

எனவே எல்லோருக்கும் எப்போதும் தடை என்பதை அறிவியல் கேட்கவில்லை. சுருள்முடி உள்ள பலருக்கு, குறிப்பாகக் கறுப்பின வீரர்களுக்கு, தினசரி சவரத்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து குத்திக் கட்டிகளாகும். வாயு அபாயமே இல்லாத பணியில் இருக்கும் அவரை மழிக்கச் சொல்லி வதைப்பது நியாயமில்லை. அபாயம் உள்ள களத்துக்கு அனுப்பும்போது கணக்கு மாறுகிறது. எச்சரிக்கை ஒலித்த 9 விநாடிக்குள் முகமூடியை அணிந்துவிட வேண்டும் என்பது பயிற்சி அளவு. அப்போது சவரக்கத்தி தேட முடியாது. புறப்படுவதற்குச் சில நாள் முன்பே மழித்து, கீறல் ஆற விட்டு, வெறும் முகத்தில் புதிதாக அளவு பார்க்க வேண்டும். தாடியோடு இருந்தபோது தேர்ந்தெடுத்த முகமூடி அளவு மழித்த தாடைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.