முதல் கேள்விக்கு வரும் முதல் பதில்

திருமங்கலத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் மாணவி ஒருவர், மதுரையின் வீதிகளையும் பகுதிகளையும் தமிழில் தட்டச்சு செய்து ஒரு கோப்பில் சேமித்து, அவற்றை அகர வரிசையில் அடுக்குவதற்குப் பைத்தான் மொழியில் சிறிய நிரல் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மாசி வீதி’ என்ற ஒரே வரியை வைத்துச் சோதித்தபோது நிரல் ஓடிவிட்டது. ஆனால் திரையில் தமிழுக்குப் பதிலாகத் தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறியும் கலந்து வந்தன. கோப்பின் முதல் வரியாக ‘மதுரை’ என்று சேர்த்ததும் நிரல் அடியோடு நின்றுவிட்டது. எட்டாம் இடத்தில் இருக்கும் 81 என்ற பைட்டை (கணினி தகவலைச் சேமிக்கும் சிற்றலகை) எந்த எழுத்தாகவும் கொள்ள முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி வந்தது.

இதன் காரணம் இன்னதென்று தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ‘மதுரை’யில் ம, த ஆகியவற்றுக்கு ஆறு பைட்டுகள் போக, அடுத்து வரும் உகரக் குறியின் மூன்றாவது பைட்டு, பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்முறையில் 81 ஆகும், பூச்சியத்திலிருந்து எண்ணினால் அதுதான் எட்டாம் இடம். ஆங்கில அமைப்பில் இயங்கும் விண்டோஸ் கணினியில், கோப்பு எந்தக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் எந்த முறையில், உள்ளது என்று நாம் சொல்லாவிட்டால், பைத்தான் அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்னும் பழைய அட்டவணையைக் கொண்டே வாசிக்கும். அந்த அட்டவணையில் 81 காலியிடம். மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய கடைசிப் பைட்டும் அங்கே காலியிடம். உகரமும் புள்ளியும் இல்லாத ‘மாசி வீதி’ சிதைந்த நிலையிலாவது உள்ளே போனதும், ‘மதுரை’ வாசலிலேயே நின்றதும் இதனால்தான். கோப்பைத் திறக்கும் வரியில் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்தப் பிழைச்செய்தியை அவர் ஓர் இணையக் குழுவில் இட்டு உதவி கேட்கிறார். அங்கே வரக்கூடிய பதில்கள் இருவகை. மேலே சொன்ன விளக்கத்தை நான்கு வரிகளில் தருவது ஒன்று. ‘இது நூறு முறை கேட்கப்பட்ட கேள்வி, தேடிப் பார்க்காமல் ஏன் கேட்கிறீர்கள்’ என்பது மற்றொன்று. இரண்டாவது வகைப் பதிலைச் சொல்பவர் பெரும்பாலும் கெட்ட மனிதர் அல்லர். பல ஆண்டுகளாகக் கூலியின்றிப் பிறருக்கு உதவி வருபவராகக்கூட அவர் இருக்கலாம். அப்படிப்பட்டவரிடமிருந்தும் அந்தச் சொற்கள் எளிதில் வந்துவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. அவை ஆராய்ந்து அறியப்பட்டவை.

ஒரே பொருளை இருவர் எந்தச் சொல்லால் குறிப்பார்கள் என்பதை 1987 இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் அளந்து பார்த்தனர். இருவரும் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. தேடுபொறியின் முன் அமர்ந்திருக்கும் புதியவரின் நிலை இதைவிடக் கடினம். குறியேற்றம் என்ற கருத்தையே அறியாதவர் அச்சொல்லை இட்டுத் தேட முடியாது. பிழைச்செய்தியிலோ ‘தமிழ்’ என்ற சொல்லும் இல்லை, ‘யூனிகோடு’ என்ற சொல்லும் பலருடைய கண்ணில் படும்படி இல்லை. அனுபவசாலி அந்தக் கேள்வியைப் பார்த்த கணத்திலேயே அது எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுகொள்கிறார். ஆகவே அவருக்கு அது நூற்றோராவது கேள்வி. கேட்டவருக்கு அது ஒரே கேள்வி. விடை தெரிந்த பிறகுதான் எதைத் தேடியிருக்க வேண்டும் என்பதே தெரிகிறது என்னும் இந்த முரண், தேடிவிட்டு வரச் சொல்பவருக்குப் பெரும்பாலும் புலப்படுவதில்லை.

இத்துடன் எழுத்தின் குறைபாடும் சேர்ந்துகொள்கிறது. நேரில் ‘என்னம்மா, இதைப் பார்க்கலையா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பதற்கும், அதே சொற்களைத் திரையில் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுதுபவருக்கு அந்த வேறுபாடு தெரியாமல் போவதுதான் வியப்புக்குரியது. 2005 இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மின்னஞ்சலில் தாம் கேலியாகச் சொன்னது கேலியாகவே புரிந்துகொள்ளப்படும் என்று எழுதியவர்கள் உறுதியாக நம்பினர். வாசித்தவர்கள் அந்த நம்பிக்கையைவிடக் குறைவாகவே சரியாக ஊகித்தனர். எழுதும்போது நம் குரல் நம் காதிலேயே ஒலித்துக்கொண்டிருப்பதால், அது எழுத்தோடு சேர்ந்து போகிறது என்று எண்ணிவிடுகிறோம். நிரலாளர்களுக்குச் சுருங்கச் சொல்வது தொழிற்பழக்கம் என்பதால், நட்போடு எழுதிய ஒரு வரிப் பதிலும் கதவை அறைந்து சாத்தியதுபோல் போய்ச் சேருகிறது.

அந்தப் பதில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். இணையக் குழுக்களில் 90 விழுக்காட்டினர் வாசிப்பவர்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுபவர்கள், 1 விழுக்காட்டினர்தாம் பெரும்பகுதியை எழுதுபவர்கள் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கப் நீல்சன் 2006 இல் ஒரு தோராய விதியைக் கூறினார். குழுவுக்குக் குழு எண்கள் மாறினாலும், மௌனமாக வாசிப்பவர்களே பெரும்பான்மையினர் என்பது மாறுவதில்லை. இவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்குவது தவறு. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகிய இருவரும் 1991 இல் தொழில் கற்கும் முறையைப் பற்றி எழுதியபோது எடுத்துக்காட்டியவர்களுள் லைபீரிய நாட்டுத் தையற்காரர்களும் அடங்குவர். அங்கே சேரும் பையனிடம் முதல் நாளே துணியை வெட்டக் கொடுப்பதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, தேய்ப்பது என்று முடிக்கும் வேலையிலிருந்து தொடங்கி, முழு ஆடை எவ்வாறு உருவாகிறது என்பதை ஓரத்தில் இருந்தபடியே கண்டுகொண்டு, படிப்படியாக அவன் நடுவேலைக்கு வருகிறான். மதுரைப் புதுமண்டபத்தில் நெடுங்காலம் இயங்கிய தையல் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. நிரலாளர் குழுவில் மௌனமாக வாசிப்பவரும் அந்தப் பையனைப் போலத்தான் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். கேள்வி கேட்டவருக்கு நேர்வதைப் பார்த்து, தாம் கேட்கலாமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்கிறார். ஒருவரை நோக்கிச் சொன்ன கடுஞ்சொல் நூறு பேரின் கேள்விகளைத் தொண்டையிலேயே நிறுத்திவிடும். அவை எழுதப்படாதவை என்பதால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அதிகாரமும் இதில் தன் வேலையைச் செய்கிறது. 2008 இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகியோர் தொடங்கிய, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், நல்ல பதிலுக்கு மற்றவர்கள் இடும் ஒவ்வோர் ஆதரவு வாக்கும் பத்து மதிப்பெண் தரும். எதிர்வாக்கு இரண்டைக் குறைக்கும். மதிப்பெண் ஏற ஏற, பிறர் கேள்விகளை மூடுவதற்கு வாக்களிப்பது போன்ற உரிமைகள் கிடைக்கும். குப்பையை வடிகட்டுவதில் இந்த ஏற்பாடு பெரும் வெற்றி பெற்றது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டனெஸ்கு நிகுலெஸ்கு மிசிலும் அவருடைய குழுவினரும் அத்தளம் இடம்பெற்ற வலையமைப்பிலும் விக்கிப்பீடியாவிலும் பதிவான வேண்டுகோள்களின் பணிவைக் கணினி கொண்டு அளந்தபோது, மதிப்பெண் மிகுந்தவர்களின் எழுத்தில் பணிவு குறைந்திருந்ததைக் கண்டனர். விக்கிப்பீடியாவில் நிருவாகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தேர்தலுக்கு முன் மற்றவர்களைவிடப் பணிவாக எழுதியிருந்தனர். வென்ற பின் அந்தப் பணிவு குறைந்தது. நிரல்மொழிக் குழுக்களுள் ரூபி மொழியினரின் பேச்சு மற்ற மொழியினரின் பேச்சைவிடப் பணிவாக இருந்தது என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. அம்மொழியை உருவாக்கிய மட்ஸுமோட்டோ இனிமையாகப் பழகுபவர், ஆகவே நாமும் அப்படியே பழகுவோம் என்பது அக்குழுவினர் தமக்குள் வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் மரபு.

கடுமை தொற்றக்கூடியது என்பதற்கும் சான்று உண்டு. ஜஸ்டின் செங் முதலியோர் 2017 இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கட்டுரைக்குக் கருத்தெழுதுமாறு சாதாரண மக்களிடம் கேட்கப்பட்டது. எளிய தேர்வை எழுதிய நல்ல மனநிலையோடு, பண்பான கருத்துகளுக்குக் கீழே எழுதியவர்களிடம் 35 விழுக்காடு பதிவுகளே பிறரைச் சீண்டுபவையாக இருந்தன. கடினமான தேர்வால் எரிச்சலடைந்து, ஏற்கெனவே கசப்பான கருத்துகளுக்குக் கீழே எழுதியவர்களிடம் அது 68 விழுக்காடாக உயர்ந்தது. பிறவிக் குணத்தைவிடச் சூழலே இங்கு மிகுதியாகப் பேசுகிறது. ஆகவே ஒரு கேள்விக்கு வரும் முதல் பதிலின் தொனி, அதன் கீழே வரப்போகும் பதில்களின் தொனியையும் ஓரளவு தீர்மானித்துவிடுகிறது என்று கொள்ளலாம்.

இந்த இழப்பின் அளவை விக்கிப்பீடியாவின் வரலாற்றில் காணலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகப் பங்களிப்போரின் எண்ணிக்கை 2007 இல் உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்கத் தொடங்கியது. நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களையும் தானியங்கிக் கருவிகள் விரைந்து நீக்கியதால் அவர்கள் திரும்பி வரவில்லை என்பது ஆரன் ஹால்ஃபேக்கர் குழுவினரின் முடிவு. தம் தளம் புதியவர்களை வரவேற்கும் இடமாக இல்லை என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே 2018 ஏப்ரலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, புதியவர் என்பதைப் பிறருக்கு உணர்த்தும் அடையாளத்தை அவ்வாண்டே அவர்களின் கேள்விகளோடு சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவகத்தை உருவாக்கியவரும் கடுஞ்சொற்களுக்குப் பெயர்பெற்றவருமான லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் விலகியிருந்தார். லினக்ஸ் கருவகத் திட்டம் புதிய நடத்தை நெறியை ஏற்றது.

மூத்தவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இணையத்தின் தொடக்க கால விவாத வலையமைப்பான யூஸ்நெட்டின் குழுக்களுக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து சேர்வார்கள். ஓரிரு மாதங்களில் அவ்விடத்தின் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்வார்கள். 1993 முதல் வணிக இணையச் சேவைகளின் வழியே மக்கள் வெள்ளமாக வந்தபோது, கற்றுக்கொடுக்க இருந்தவர்களைவிடக் கற்க வேண்டியவர்கள் பலமடங்கு பெருகி, முடிவே இல்லாத செப்டம்பர் என்று பழையவர்கள் அதற்குப் பெயரிட்டனர். அப்படிப்பட்ட நிலையில் பலர் சலித்து வெளியேறுவது இயல்பே. நிரலை இடாமல், பிழைச்செய்தியைக் கைப்பேசியில் கோணலாகப் படம்பிடித்துப் போட்டு ‘அவசரம்’ என்று மட்டும் எழுதுபவரிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது முறையானதே. கேள்வியின் வடிவத்தில் எவ்வளவு கண்டிப்பும் காட்டலாம் என்பதே என் கருத்து. கேட்டவரின் தகுதியைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில்தான் அது கெடுகிறது. ‘நிரலைச் சேர்த்து இடுங்கள், அது இல்லாமல் காரணம் சொல்ல முடியாது’ என்பதில் கண்டிப்பு முழுமையாக இருக்கிறது, காயம் இல்லை.

நம் ஊர்க் குழுக்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. கல்லூரிகளின் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் கடுஞ்சொல் அரிது. அங்கே ‘சார்’, ‘அண்ணா’, ‘அக்கா’ என்ற விளிகளே மிகுதி. இந்த மரியாதை முதல் கேள்வியை எளிதாக்குகிறது. ஆனால் அண்ணன் சொன்ன தீர்வு வேலை செய்யாதபோது, ‘செய்து பார்த்தேன், இன்னும் அதே பிழை வருகிறது’ என்று எழுதத் தம்பி தயங்கி, ‘நன்றி அண்ணா’ என்று முடித்துக்கொள்கிறான். அதன்பின் அந்தத் தவறான தீர்வு சரியானதுபோல் அங்கேயே நின்றுவிடுகிறது. ‘சரியாக வராவிட்டால் தயங்காமல் மறுபடி சொல்லுங்கள்’ என்ற ஒரு வரியைப் பதிலின் இறுதியில் மூத்தவரே சேர்த்துவிட்டால், மறுத்துச் சொல்வது அவமரியாதை என்ற எண்ணம் விலகும். கேள்வியைத் தமிழில் எழுதலாம் என்பதையும் குழுவின் முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சிக்கலோடு ஆங்கிலத்தையும் சேர்த்துச் சுமப்பவர் கேட்காமல் இருப்பதையே தேர்ந்தெடுப்பார். தமிழில் கணினி பற்றி விவாதிப்பது புதிய வழக்கமும் அன்று. 1990களின் பிற்பகுதியில் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்தே டிஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றத்தை உருவாக்கினர்; 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத தன்னார்வலர்களைக் கொண்டே பழந்தமிழ் நூல்களை மின்னுருவாக்கி இலவசமாக வழங்கியது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்கப்படும் கேள்விகள் பெருமளவு குறைந்துவிட்டன. இயந்திரம் சலித்துக்கொள்வதில்லை, நள்ளிரவிலும் பதில் தருகிறது. திட்டு வாங்கியவர்கள் அதன் பக்கம் போனதில் வியப்பில்லை. ஆனால் அந்த உரையாடலை வேறு எவரும் வாசிப்பதில்லை. அடுத்து வருபவருக்கு அதிலிருந்து எதுவும் மிஞ்சுவதில்லை. விடை பெற்றவர் மறுநாள் விடை சொல்பவராக மாறும் வாய்ப்பும் அங்கே இல்லை. இந்த வாய்ப்பைத் தருவதுதான் மனிதர்கள் கூடும் குழுவின் தனி வலிமை என்பதால், எளிய கேள்வி வந்தவுடன் மூத்தவர்கள் பாய்ந்து பதில் தராமல் மாலைவரை பொறுத்திருக்கலாம். போன ஆண்டு அதே பிழையில் தடுக்கி விழுந்த இரண்டாமாண்டு மாணவருக்கு, எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது அனுபவசாலியைவிடத் தெளிவாக நினைவிருக்கும். முதலில் அவர் பதில் எழுதட்டும், அதில் விடுபட்டதை மூத்தவர் அதன் கீழே நிரப்பட்டும்.