பரப்புக்கவர்தல் என்றே சொல்லுவோம்

"கூழ்மத் துகள் பலபடியை உறிஞ்சிக்கொள்வதால் அயனிகளின் நகர்வு மாறுகிறது." சேலத்தில் ஒரு மாணவி கொண்டுவந்த தமிழ்க் குறிப்பில் இருந்த வரி இது. கூழ்மத் துகள் என்பது நீரில் கரையாமல் மிதக்கும் நுண்ணிய துகள். பலபடி என்பது பாலிமர், நீண்ட சங்கிலி மூலக்கூறு. அயனி என்பது மின்சுமை கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம். இதே தவறை இந்த மாதம் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன்.

ஆங்கில மூலத்தில் இருப்பது அட்சார்ப்ஷன், அதாவது ஒன்று இன்னொன்றின் பரப்பில் மட்டும் பற்றிக்கொள்வது. 1881இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கைசர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். அப்சார்ப்ஷன் வேறு, அது உள்ளே இழுத்துக்கொள்வது, உறிஞ்சுதல். ஓரெழுத்து வித்தியாசம்தான், மொழிபெயர்ப்பவர்கள் அதை நின்று பார்ப்பதே இல்லை.

சேலத்து அம்மாப்பேட்டையில் நெசவாளர்கள் தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பாருங்கள். கஞ்சி நூலுக்குள்ளும் கொஞ்சம் இறங்கும். அதை உறிஞ்சுதல் என்று சொல்லலாம். பிசிறைப் படியவைத்து நூலின் மேலேயே நிற்கும் கஞ்சியை எப்படி அப்படிச் சொல்வது?

துகள் விஷயத்தில் எல்லாமே மேலேதான் நடக்கிறது. நீரில் மிதக்கும் களிமண் துகளுக்கு எதிர்மின்சுமை. சுற்றிலும் நேர் அயனிகள் திரண்டிருக்கும். பலபடிச் சங்கிலி துகளை அங்கங்கே பற்றிக்கொண்டு, மிச்சத்தை வளையமாகவும் வாலாகவும் நீருக்குள் நீட்டும். துகளை ஒட்டிய நீர் அதில் சிக்கி நின்றுவிடும். நீர் வழுக்கத் தொடங்கும் எல்லை வெளியே தள்ளிப்போகும். அந்த எல்லையில் உள்ள மின்னழுத்தம்தான் ஜீட்டா மின்னழுத்தம். அது குறையும், மின்புலத்தில் துகள் மெதுவாக ஊரும். ஆனால் சிறிய அயனிகள் சங்கிலி இடுக்குகளில் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். நீர் நின்ற இடத்திலும் அயனி நிற்காது. பாடத்தின் உயிரே இதுதான். பலபடி துகளுக்குள் போய்விட்டது என்று நினைக்கும் பிள்ளைக்கு இதில் ஒரு வரியாவது புரியுமா?

சிலர் 'புறத்துறிஞ்சல்' என்கிறார்கள். லத்தீன் வேரில் உறிஞ்சுதல் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். சரி, இருக்கட்டும். நாம் பெயர் வைப்பது வேருக்கா, நடக்கும் செயலுக்கா? உறிஞ்சுவது என்றாலே உள்ளே இழுப்பது. முன்னால் 'புறம்' சேர்த்தாலும் காதில் விழுவது உறிஞ்சல்தான். 'படிதல்' என்றும் சொல்ல முடியாது. ஜவ்வரிசி ஆலைத் தொட்டியில் மாவுப்பால் அடியில் தங்குவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேலை செய்கிறது. 'ஒட்டுதல்' பசைக்குப் போய்விட்டது.

பரப்புக்கவர்தல் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? கவர்தல் என்றால் பற்றிக்கொள்வது. "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" என்ற குறளில் வருகிற அதே வினை. பாடநூல்கள் 'பரப்புக் கவர்ச்சி' என்றும் எழுதுகின்றன. கவர்ச்சியைச் சினிமாச் செய்தி எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. எனக்குக் கவர்தலே போதும். 'பரப்புக்கவரப்பட்ட பலபடி' வாயில் நுழையவில்லை என்றால் வாக்கியத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

மாணவியின் குறிப்பில் இப்படித் திருத்தினேன்: "பலபடி துகளின் பரப்பைப் பற்றிக்கொள்கிறது, அதை ஒட்டிய நீர் நிற்கிறது, அயனிகள் நகர்கின்றன."