மொட்டை மாடி ஷெட்டுக்கு இரும்பா, அலுமினியமா?

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சின்ன ஷெட். அதன் இரும்புக் கால் தளத்தைத் தொடும் இடத்தில் பெயின்ட் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். அப்பளம் போல நொறுங்கி, துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று சும்மா விடுமா? "அலுமினியம் போட்டுடலாம், துருவே பிடிக்காது" என்றார்கள் வீட்டில்.

அது சரிதான். காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, அடியில் உள்ள உலோகத்தை இறுக மூடிக்கொள்கிறது. இரும்பின் துரு உப்பி உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் காற்றுக்குக் காட்டிவிடுகிறது.

ஆனால் உத்திரம் என்று வந்தால், எவ்வளவு தொய்யும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே அளவு பைப்பில் ஒரே பாரத்தை ஏற்றினால், இரும்பு 5 மில்லிமீட்டர் தொய்யும் இடத்தில் அலுமினியம் 15 மில்லிமீட்டர் தொய்யும். சரிவு குறைந்த கூரையில் அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் இன்னும் அமுக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலைப் படுக்க வைத்து வளைத்துப் பாருங்கள், வளையும். விளிம்பில் நிறுத்தி அமுக்கினால் அசையாது. உத்திரத்தின் உயரம் 2 மடங்கானால் விறைப்பு 8 மடங்காகிறது. அதனால் ஒரே அகலமுள்ள பட்டையில், அலுமினியத்தின் உயரத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்கினால் இரும்புக்கு ஈடாகிவிடும். அப்போதும் எடை பாதிதான். விலைதான் கையைக் கடிக்கும். அப்புறம், அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட் போடக் கூடாது. உப்பு ஈரம் படும்போது இரண்டும் சேர்ந்து பேட்டரி போல வேலை செய்யும். போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும்.

எடை குறைவு என்பதால் புயலில் பறந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா வந்து போனதைப் பார்த்தவர்கள் ஆயிற்றே. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பத்துக்குப் பத்தடிக் கூரையைத் தூக்க ஆயிரம் கிலோவுக்கு மேல் விசை வரலாம். ஷெட்டின் மொத்த எடையே சில நூறு கிலோ தாண்டாது. ஆக, எந்த உலோகமானாலும் பிடித்து வைப்பது, கால்களைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்தான். அது தளத்தின் மேல் பதித்த தட்டோட்டைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். துளையைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கவும் வேண்டும்.

யோசித்து, துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த இரும்பையே தேர்ந்தெடுத்தேன். மேல்பூச்சு கீறினாலும் துத்தநாகம்தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆனால் முக்கியெடுத்த பிறகு வெல்டிங் வைத்தால், அந்த இடத்தில் பூச்சு எரிந்து போய்விடும். அதனால் வெட்டுவது, துளைப்பது, வெல்டிங் எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடித்துவிட்டு, அப்புறம் முக்கச் சொன்னேன். மாடியில் போல்ட் முடுக்கும் வேலை மட்டும்தான். கால்களுக்கு அடியில் 4 அங்குல கான்கிரீட் மேடை கட்டியிருக்கிறோம். மழைத்தண்ணீர் இப்போது கால்களைத் தொடாமல் ஓடிவிடுகிறது.