கேனிஸ்டர் ஃபில்டர்: பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரும் தொட்டிக்கு வரும் தண்ணீரும்

கேனிஸ்டர் ஃபில்டர் என்பது மீன்தொட்டிக்கு வெளியே, பெரும்பாலும் கீழே கேபினெட்டில் வைக்கும் மூடிய டப்பா வடிகட்டி. ஃப்ளூவல் எஃப்எக்ஸ்6 என்ற பெரிய கேனிஸ்டர் ஃபில்டருக்கு, அதைத் தயாரிக்கும் ஹேகன் நிறுவனமே இரண்டு எண்களைத் தருகிறது. மோட்டார் தள்ளக்கூடியது மணிக்கு 3500 லிட்டர். ஸ்பாஞ்சும் மீடியாவும் (பாக்டீரியா குடியேற உள்ளே போடும் பொருள்) நிரப்பி ஓடவிட்டால் சுற்றி வருவது 2130 லிட்டர். ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. இரண்டையும் வெளியே சொல்வதற்கு அவர்களைப் பாராட்டலாம். முதல் எண்ணை மட்டும் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மற்றதைப் பற்றி வாய் திறக்காத கம்பெனிகள் நிறைய. சென்னை கொளத்தூரின் மீன்தொட்டிக் கடைகளில் நின்று "இது ஆயிரம், அது ரெண்டாயிரம்" என்று ஒப்பிடுகிறவர்கள், பெரும்பாலும் காலி டப்பாக்களைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

சரி, அந்தத் தண்ணீர் எங்கே குறைகிறது? டப்பா கீழே கேபினெட்டில் இருக்கிறது, அங்கிருந்து தொட்டி வரை ஏற்றுவதில்தான் சக்தி போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொட்டியிலிருந்து டப்பாவுக்கு இறங்கும் குழாயிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது, திரும்ப ஏறும் குழாயிலும் நிறைந்திருக்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டினால், இறங்கும் வாளியின் எடை ஏறும் வாளியைத் தூக்கிவிடும் அல்லவா, அதே கணக்குதான். உயரத்துக்காக மோட்டார் தனியாக உழைக்க வேண்டியதில்லை. வெளியேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு தூக்கி நிற்கிறதோ, அந்தச் சில சென்டிமீட்டர்தான் உண்மையான ஏற்றம். மீதி இழப்பெல்லாம் உராய்வு: நீளமான ஓஸ், கூர்மையான வளைவு, எல்லாவற்றுக்கும் மேலாக அடைத்துக்கொண்ட ஸ்பாஞ்ச். ஸ்டாண்டின் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிடத் தேவையில்லாத ஓஸை வெட்டிக் குறைப்பது பலன் தரும்.

மோட்டாரும் எளிமையானதுதான். பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீருக்குள்ளேயே சுழல்வது ஒரு காந்த உருளை. கம்பிச்சுருள் எபாக்ஸியில் மூடப்பட்டு வெளியே இருக்கிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த உருளை நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். கரண்ட் வரும்போது அது எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட இம்பெல்லர்களின் (உருளையோடு சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) இதழ்கள் ஃபேன் இறக்கைபோல் சாய்ந்திருக்காமல் நேராக இருக்கின்றன. மண்துகள் சிக்கினாலோ வோல்டேஜ் ரொம்பக் குறைந்தாலோ சுற்றாமல் "கிர்ர்" என்று அதிர்ந்துகொண்டே நிற்கும்.

ஒப்பிட வேண்டியது, டப்பாவுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை. ஜெர்மனியின் ஐஹைம் கம்பெனியின் கிளாசிக் 2213 பழைய வடிவமைப்பு. மணிக்கு 440 லிட்டர், 8 வாட், அவ்வளவுதான். அழுக்குத் தண்ணீர் டப்பாவின் அடியில் நுழைகிறது, மீடியா முழுவதையும் கடந்து மேலேறுகிறது, மூடியில் இருக்கும் மோட்டார் அதைத் தொட்டிக்கு அனுப்புகிறது. உள்ளே கூடை கிடையாது. மீடியா சுவரோடு ஒட்டி நிற்பதால் தண்ணீருக்குக் குறுக்குவழி இல்லை. மோட்டாருக்கு வருவதும் வடிகட்டிய தண்ணீர்தான்.

கூடை அடுக்கும் மாடல்களில் தண்ணீர் ஒரு பக்கமாக இறங்கி, அடியிலிருந்து ஒவ்வொரு கூடையாக ஏறும். கழற்றி மாட்ட வசதி, மறுக்கவில்லை. ஆனால் கூடைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலோ, கூடைகளுக்கு இடையிலான ரப்பர் சரியாக உட்காராவிட்டாலோ, தண்ணீர் மீடியாவைத் தொடாமலே மேலே போய்விடும். ஸ்பாஞ்ச் அடைக்க அடைக்க இந்தத் திருட்டுவழி அதிகமாகும். வெளியே பார்த்தால் ஓட்டம் அமோகமாக இருக்கும், தொட்டி மட்டும் தெளியாது. கூடையை வெளியே எடுத்து, ஸ்பாஞ்சின் ஓரமெல்லாம் சுத்தமாக, நடுப்பகுதி மட்டும் பழுப்பாக இருக்கிறதா, எல்லாம் ஒரே நிறமா என்று பாருங்கள். தண்ணீர் போன பாதை அதில் அப்படியே தெரியும்.

இந்தப் பாதை ஏன் முக்கியம் என்றால், மீடியாவில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்காக. மீன் வெளியிடும் அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1998-இல் திமோதி ஹோவனெக் குழுவினர் நன்னீர் மீன்தொட்டிகளை ஆராய்ந்தபோது, அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று கண்டார்கள். 2015-இல் இன்னொரு ஆச்சரியம்: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒற்றையாளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்தே வந்தவை.

இவையெல்லாம் ஆக்சிஜன் குடிப்பவை. அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதே 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 3 லிட்டர் தண்ணீர் நிற்கும் டப்பாவில் மொத்தக் கையிருப்பு சுமார் 23 மில்லிகிராம். மோட்டார் ஓடும்வரை தொட்டியிலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் இந்த 23தான். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களும் அதற்குப் பங்குக்கு வரும்.

அழுக்கு விஷயத்தில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. ஸ்பாஞ்சில் தேங்கிய கழிவு கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது, இன்னும் அதே தண்ணீரில்தான் கிடக்கிறது. அங்கேயே அழுகும், ஆக்சிஜனைக் குடிக்கும், அம்மோனியாவைத் திரும்பக் கொடுக்கும். "மூணு மாசம் திறக்கவே வேண்டாம் சார்" என்று கேனிஸ்டரை விற்பது எனக்கு உடன்பாடில்லை. ஒயேஸே கம்பெனியின் பயோமாஸ்டர் வகைக் கேனிஸ்டர்களில் எனக்குப் பிடித்ததே இதுதான்: முன்வடிகட்டி தனிக் கூண்டாக மேலே வருகிறது. டப்பாவைத் திறக்காமலே அதை மட்டும் உருவி அலசிப் போடலாம், பின்னால் இருக்கும் பாக்டீரியாவுக்குத் தொந்தரவு இல்லை. வேறு மாடல் வைத்திருப்பவர்கள் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உருளையை மாட்டிவிட்டால் முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. உள்ளே இருக்கும் மீடியாவை அலசும்போது மட்டும் தொட்டியில் எடுத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்லும்.

மின்கணக்கையும் பார்த்துவிடலாம். 8 வாட் மோட்டார் இரண்டு மாத பில்லில் பன்னிரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 40 வாட்டைத் தாண்டும் எஃப்எக்ஸ்6 சுமார் 60 யூனிட் கேட்கும். முந்நூறு லிட்டர்கூட வராத தொட்டிக்கு அது எதற்கு?

கரண்ட் அடிக்கடி போகும் வீடு என்றால் இன்வெர்ட்டரில் முதலில் சேர்க்க வேண்டியது ஃபில்டரை, லைட்டை அல்ல. அரைமணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது. பல மணி நேரம் நின்றுபோய்த் திரும்ப வந்தால் உடனே ஓடவிடாதீர்கள். வால்வை மூடி, டப்பாவைக் கழற்றித் திறந்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் முழுவதையும் கீழே கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அப்புறம் மாட்டுங்கள். அடுத்த சில நாட்களுக்கு மீனுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் டெஸ்ட் கிட்டில் தினமும் பார்த்துவருவது நல்லது.