வெளியே வந்த குடலை உடனே உள்ளே தள்ளாதது ஏன்?

குடல் வயிற்றுக்கு வெளியே கிடக்கப் பிள்ளை பிறந்தால், உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் சரிதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். காஸ்ட்ரோஸ்கைசிஸ் என்ற இந்தக் குறையில் தொப்புள்கொடிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், சில சென்ரிமீற்றர் அளவில் ஓட்டை இருக்கும். அதன் வழியே குடல் கருவிலேயே வெளியே வந்துவிடும், மூடச் சவ்வும் இருக்காது, பன்னீர்க்குடத்து நீர் பட்டுப்பட்டுத் தடித்துப் போயிருக்கும். தாய் கிரகணத்தில் வெளியே போனாள் என்று வீட்டில் பேசுவார்கள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தயவுசெய்து அந்தப் பேச்சை விடுங்கள்.

பிரச்சினை இடம்தான். குடல் வெளியே வளர்ந்ததால் வயிறு அதற்கேற்றபடி பெருத்திருக்காது. வலிந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு முட்டும், இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெரிய நாளம் நசுங்கும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்து சலம் போவது நிற்கும், குடலே அழுகிப்போகவும் கூடும். பிள்ளைக்குச் சலம் எவ்வளவு போகிறது என்று தாதிமார் விடாமல் அளப்பது இதனால்தான்.

1967இல் ஷூஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தொப்புள் வழியாக உறுப்புகள் பெரிதாகப் பிதுங்கிய பிள்ளைகளுக்குச் செயற்கை உறை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கும் முறையை எழுதினார். இப்போது அது சிலிக்கோன் பை. பையின் வாயில் வளையும் வளையம் இருக்கும். அதை அமுக்கி ஓட்டைக்குள் விட்டால் வயிற்றுச் சுவருக்கு உட்புறமாக விரிந்து பிடித்துக்கொள்ளும். பையை மேலே நிமிர்த்திக் கட்டினால் குடல் தன் பாரத்திலேயே இறங்கும், வைத்தியர் நாளுக்குக் கொஞ்சம் அமுக்கிக் கீழே கட்டிக்கொண்டே வருவார். வயிறு மெல்ல விரிந்து கொடுக்கும். பல பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குள் முழுக்க உள்ளே போய்விடும், அப்புறம்தான் ஓட்டையை மூடுவது. பை கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதும் காரணத்தோடுதான்: குடல் இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது, கறுத்தால் உடனே பார்க்க வேண்டும்.

மூதூரிலோ புல்மோட்டையிலோ பிறந்த பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டி வந்தால், அம்புலன்ஸில் போகும் அந்த மணித்தியாலங்கள் மிக முக்கியம். திருகோணமலை வெயிலில் பிள்ளைக்குக் குளிருமா என்று நினைக்க வேண்டாம், ஈரக் குடலிலிருந்து நீர் ஆவியாகும்போது சூடும் சேர்ந்து போய்விடும். அதனால் குடலைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் சுற்றி, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, சேலைன் ஏற்றி, வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து அனுப்புவார்கள். கர்ப்ப ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டால் சத்திரசிகிச்சை உள்ள இடத்திலேயே பிரசவம் பார்ப்பது நல்லது, இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

மூடிய பிறகும் குடல் வேலைசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை சத்து நாளம் வழியாகத்தான். பால் சில மில்லிலீற்றரில்தான் தொடங்கும், அதற்குத் தாய்ப்பாலே சிறந்தது, ஆகவே அம்மா முதல் நாளிலிருந்தே பாலைப் பிழிந்து சேமிக்கத் தொடங்க வேண்டும்.