கழுவாதீர்கள், காயவைக்காதீர்கள்: லண்டன் மண்ணில் கிடைக்கும் ரோமானியப் பொருட்கள் பற்றி

கட்டுமான வேலை செய்யும் தம்பி ஒருவர் சமீபத்தில் எங்களிடம் ஒரு தோல் துண்டைக் கொண்டுவந்தார். ரோமானியர் காலத்துச் செருப்பின் அடித்தோல். லண்டன் நகரின் பழைய மையப் பகுதியில் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாம். வீட்டுக்கு எடுத்துப்போய், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்திருக்கிறார். சுருங்கி வளைந்து, விரல் பட்டாலே உதிரும் நிலையில் வந்து சேர்ந்தது. எந்த ஆழத்தில் கிடைத்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. “பொருளைப் பத்திரமா எடுத்துட்டு வந்துட்டேனே, அப்புறம் என்ன?” என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தம்பி மேல் கோபமில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் நன்றாகப் படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பொருள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது, மிச்சமெல்லாம் வெறும் மண் என்ற நினைப்பு. அது எவ்வளவு தவறு என்பதற்கு, லண்டனின் வால்புரூக் பகுதியில் ரோமானியர்கள் மித்ராஸ் என்ற தெய்வத்துக்குக் கட்டிய கோயிலைவிட நல்ல உதாரணம் இந்த ஊரில் இல்லை.

1889-இல் வால்புரூக் பகுதியில் கட்டட வேலை நடந்தபோது ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் வெளியே வந்தது. மித்ராஸ் காளையைக் கொல்லும் காட்சி. அதைக் காணிக்கையாகக் கொடுத்தவர் பெயர்கூட அதில் இருக்கிறது: உல்பியஸ் சில்வானஸ், ரோமானியப் படையின் இரண்டாம் அகஸ்டா பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அருமையான சிற்பம். அது ஒரு சேகரிப்பாளர் கைக்குப் போய், பிறகு அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஆக, பொருள் பத்திரம்தான். ஆனால் அது மண்ணுக்குள் எப்படிக் கிடந்தது, எந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அந்தப் பகுதியில் ஒரு கோயிலே புதைந்து கிடக்கிறது என்பது தெரிய இன்னும் 65 ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்த இடங்களில் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் அகழாய்வு செய்துகொண்டிருந்தார். 1952 முதல் 1954 வரை வால்புரூக்கில் பொறுமையாகக் குழி வெட்டி, சுவர்களைத் தொடர்ந்துபோய், ஒரு முனை அரைவட்டமாக முடியும் கட்டடத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 18 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அப்போது வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைவு. 1954 செப்டம்பர் 18 அன்று, வேலையை முடிக்க வேண்டிய நாளில், மித்ராஸின் பளிங்குத் தலை கிடைத்தது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அவ்வளவுதான், நகரமே திரண்டுவிட்டது. மொத்தம் சுமார் 4 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. சர்ச்சிலின் அமைச்சரவை வரை விஷயம் போனது.

மக்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தலையை மட்டும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நமக்கு என்ன தெரியும்? மித்ராஸ் தலை, இத்தாலியப் பளிங்கு. அவ்வளவே. அது எங்கே, எந்தத் தரைக்கு அடியில் கிடந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கி.பி. 240 வாக்கில் கட்டிய கோயில் அது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மித்ராஸ், மினர்வா, செராபிஸ் ஆகிய தெய்வங்களின் சிலைத் தலைகளை யாரோ தரைக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் கட்டடம் பயன்பாட்டில் இருந்திருக்கிறது, வேறொரு தெய்வத்துக்காக, மதுவின் தெய்வமான பாக்கஸாக இருக்கலாம். ஒரு வழிபாடு முடிந்து இன்னொன்று தொடங்கிய கதை இது. இதைச் சொன்னது அந்தத் தலை இல்லை, அதன் மேலும் கீழும் இருந்த மண்ணடுக்குகள். ஈரத்தால் கோயில் தரையைப் பலமுறை உயர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு தரையும் ஒரு காலம். மண்வெட்டியால் ஒரே வீச்சில் வெட்டி எடுத்தால் எல்லாக் காலமும் ஒரே குவியலாகிவிடும். அதை யாராலும் திரும்ப அடுக்க முடியாது. எந்தப் பரிசோதனைக் கூடத்தாலும் முடியாது.

கல்லுக்கும் இதே கதைதான். அலுவலகக் கட்டடம் வரவேண்டியிருந்ததால் கோயிலைக் கழற்றி, 1962-இல் சுமார் 100 மீட்டர் தள்ளிச் சாலையோரம், பழைய மட்டத்துக்குப் பல மீட்டர் மேலே கட்டிவைத்தார்கள். சிமென்ட் பூச்சு, தரைக்கு ஒழுங்கற்ற கல் பாவல். உள்ளே வெளிச்சம் அதிகம் நுழையாத, சடங்கு செய்து சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆண்கள் மட்டும் கூடிய ஒரு கோயில், வெட்டவெளியில் நின்றது. கிரைம்ஸுக்கே அது பிடிக்கவில்லை. கல் பத்திரம், கோயில் போய்விட்டது. 2017-இல் சாலை மட்டத்துக்கு 7 மீட்டர் கீழே, பழைய இடத்தை ஒட்டி, சுண்ணாம்புச் சாந்தோடு அதைத் திருத்திக் கட்ட முடிந்தது என்றால், 1954-இல் எடுத்த படங்களும் வரைபடங்களும் இருந்ததால்தான். பார்க்க இலவசம், ஒரு முறை போய் வாருங்கள்.

கோயில் முதலில் இருந்த அதே மனையில் 2010 முதல் 2014 வரை நடந்த அகழாய்வில் 14,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. வால்புரூக் ஓடையின் ஈர மண் காற்றை உள்ளே விடாததால் மரமும் தோலும் அழுகாமல் இருந்தன. அவற்றில் 405 மர எழுத்துப் பலகைகள். பலகையில் மெழுகு பூசி எழுத்தாணியால் எழுதுவார்கள். மெழுகு எப்போதோ போய்விட்டது. எழுத்தாணி அழுத்தி மரத்தில் பட்ட மெல்லிய கீறல்தான் மிச்சம். வெவ்வேறு கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படமெடுத்து அவற்றை வாசித்தார்கள். ஒன்றில் கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதியே இருக்கிறது: டிபுல்லஸ் என்பவர் வாங்கிய சரக்குக்காக கிராட்டஸ் என்பவருக்கு 105 டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) தரவேண்டும் என்ற கடன் பத்திரம். இப்படி ஒரு பலகை உங்கள் கையில் கிடைத்தால் பார்ப்பதற்கு அழுக்கு மரச்சீவல் மாதிரிதான் இருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால் அந்தக் கடன் பத்திரம் சாக்கடையில் போய்விடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கட்டுமான இடத்தில் ஏதாவது தென்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். எடுக்காதீர்கள். கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். மேற்பார்வையாளரிடமும் அங்கே இருக்கும் தொல்லியலாளரிடமும் சொல்லுங்கள். அங்கே கிடைப்பது பொதுவாக நில உரிமையாளருக்குச் சொந்தம், பையில் போட்டுக்கொண்டு போவது குற்றம். வேலை நின்றுபோகும் என்று பயந்து மறைக்காதீர்கள். 1990 முதல் இங்கிலாந்தில் கட்டட அனுமதியோடு சேர்த்தே தொல்லியலையும் திட்டமிடுகிறார்கள், உங்களை யாரும் திட்டப்போவதில்லை.

தேம்ஸ் கரையில் பொருள் தேட வேண்டுமானால் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். சும்மா குனிந்து எடுப்பதற்கும் வேண்டும். பழைய தங்கம், வெள்ளிப் பொருட்கள், ஒரே இடத்தில் கிடைத்த பழங்காசுகள் என்றால் 1996-இன் புதையல் சட்டப்படி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

மரம், தோல் எதுவாக இருந்தாலும் ஈரம் காயவிடாதீர்கள். அதே மண்ணோடு பிளாஸ்டிக் பையில் வைத்து, நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். உலோகத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். வெண்கலத்தின் மேலிருக்கும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் பல சமயம் வேலைப்பாடு முழுவதும் இருக்கும்.

ஏற்கெனவே எடுத்துவந்து கழுவியும் விட்டீர்கள் என்றால், கூச்சப்பட்டு அலமாரியில் ஒளிக்காதீர்கள். எந்தத் தெரு, எவ்வளவு ஆழம், மண் கறுப்பா மஞ்சளா, பக்கத்தில் கல் இருந்ததா என்று நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, கோணல்மாணலாகவாவது ஒரு படம் போட்டு, பொருளோடு அதையும் எடுத்து வாருங்கள்.