காப்பீட்டு அட்டைக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கேட்பார்கள். "இங்கே எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு?" என்று பலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து கொண்டு போங்கள். அட்டையைக் காட்டினால், அந்தச் சிகிச்சைக்குரிய தொகை காப்பீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கே வந்து சேர்கிறது. கருவிகள், பராமரிப்பு, ஊழியர் ஊக்கத்தொகை என்று அதில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிறது. கைக்காசு கொடுக்காமல் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு நாம் செய்யக்கூடிய உதவி இது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கான செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. மற்றக் குடும்பங்களுக்கு முழுச் செலவும் தமிழ்நாட்டு அரசுடையது.

காரைக்குடியில் இந்த வேறுபாடு தெரியாது. எல்லை தாண்டினால் தெரியும். மத்தியப் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் பிற மாநிலங்களிலும் சிகிச்சை பெறும் வசதி உண்டு. பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகும் பெற்றோர் தங்கள் அட்டை எந்த வகை என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். அந்தந்த மாநிலம் தன் மக்களுக்கு வைத்திருக்கும் விதிகளும் வேறு. கர்நாடகத்தில் வறுமைக் கோட்டுக்கு மேலுள்ள குடும்பத்துக்கு நிர்ணயித்த கட்டணத்தில் 30 விழுக்காட்டைத்தான் அரசு தருகிறது. கேரளம் 2020-இல் காப்பீட்டு நிறுவனத்தை விலக்கிவிட்டு, அரசு முகமை வழியாக மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் தருகிறது.

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. பொன்னமராவதி, ராயவரம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. குடும்ப அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியின் பெயர் எந்த அட்டையிலும் இல்லையென்றால், அவருக்கு இந்தக் காப்பீடும் இல்லை. நோய் வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைவது பெரும் துன்பம்.

சாலை விபத்துக்கு மட்டும் இவை எதுவும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, நிர்ணயித்த வரம்புவரை அரசே பணம் தருகிறது. வருமான வரம்பும் அட்டையும் கேட்பதில்லை. பிள்ளையார்பட்டிக்கு வரும் வெளிமாநில பக்தர் திருமயம் சாலையில் அடிபட்டாலும் இது பொருந்தும்.